கரைக்காமல் ஊற்றிய தைலம்

எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் கிடையாது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் அடுப்பில் வைப்பேன். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் பையில் போட்டதில்லை. காரைக்காலில் நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்தில் என் பெயர் ஞானசௌந்தரி என்பதே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் 'சந்தேக அக்கா' என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டுமே, எனக்கென்ன? இருபத்து நாலு வருட சர்வீஸில் என் கைபட்டு ஒரு சோதனை கெட்டது என்று ஒருவர் சொல்லட்டும் பார்க்கலாம் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவள் நான். இந்த வருடம் ஆடி மாதம் வரைக்கும்.

எல்லாம் என் அண்ணன் காலில் ஆரம்பித்தது. அண்ணன் தெட்சிணாமூர்த்தி குரும்பகரத்தில் பயிர்வேலை பார்க்கிறவர். பன்னிரண்டு வயதில் நெல் அவித்த அண்டா சரிந்து வலது கெண்டைக்காலில் கொதிநீர் கொட்டிவிட்டது. அந்தத் தழும்பு நாற்பத்தைந்து வருடம் சும்மா கிடந்தது. போன தை மாதம் அதன் நடுவில் ஒரு புண் வந்தது. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, புண் ஆறவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவள் நான்தான். சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்துவிட்டு, தோலில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள்.

"இப்பவே வெட்டி எடுத்துட்டா கால் இருக்கும். தொடையிலேர்ந்து தோலை எடுத்து மேல ஒட்டிடுவோம். தள்ளிப்போட்டீங்கன்னா காலையே எடுக்கறாப்ல ஆயிடும்" என்றார் டாக்டர். ஆகஸ்ட் பதினெட்டு என்று தேதியும் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது சீர்காழி வரை அண்ணன் அந்தச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதம் குரும்பகரம் போயிருந்தேன். அண்ணன் காலில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்ததும் வீடு முழுக்க ஒரு நாற்றம். சீழ் நாற்றம் இல்லை, முட்டை கருகிய நாற்றம்.

"என்னாண்ணே இது?"

"முட்டைத் தைலம். கோட்டுச்சேரியில அமலராணியம்மான்னு ஒருத்தவங்க காய்ச்சுறாங்க. பத்து நாளா போடறேன். எரிச்சல் சுத்தமா நின்னுடுச்சு தெரியுமா?"

"அந்தம்மா என்ன டாக்டரா?"

"டாக்டரா இருந்தாத்தான் கைராசி இருக்குமா? கோழிமுட்டை மஞ்சக்கருவுல என்னா வெஷமா இருக்கப் போவுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆகஸ்ட் பதினெட்டை ஞாபகப்படுத்தினேன். அண்ணன் வேலியைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. பின்கட்டில் அண்ணி சந்திரலேகாதான் விஷயத்தை உடைத்தாள். "மாமா குடலிறக்கத்துக்கு ஆபரேஷன்னு போயி, மயக்கம் தெளியாமயே போயிட்டாங்கல்ல. அதையே நெனச்சுகிட்டு இருக்காங்க உங்க அண்ணன். இந்தத் தைலத்தைப் பிடிச்சுகிட்டதே அந்தப் பயத்துலதான் சௌந்தரி." எங்கள் அப்பா செத்துப்போய் இருபது வருடமாகிறது. இந்த மனுஷன் இன்னும் அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிளம்பும்போது அண்ணனே கூப்பிட்டார். "உங்க காலேஜ்ல புத்துநோய் செல்லை வளக்கறோம்னு சொல்லுவியே. அதுல இந்தத் தைலத்தை ஊத்திப் பாரு. சாவலைன்னு நீ சொன்னா, மறுபேச்சு பேசாம ஆபரேஷனுக்கு வந்து படுத்துக்கறேன். செத்துச்சுன்னா என்னை விட்டுடணும்."

"டாக்டர் சொல்றதைக் கேக்க மாட்டே, நான் சொன்னா கேப்பியா?"

"நீ ஒருத்தரையும் நம்ப மாட்டியே. நீயே ஒரு பொருளை நம்பிட்டேன்னா அது நெசமாத்தானே இருக்கணும்?"

ஒத்துக்கொண்டேன். ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன்? கருகிய முட்டையாவது, புற்றுச் செல்லைக் கொல்வதாவது! ஒரே வாரத்தில் பொய் என்று நிரூபித்து அண்ணனைக் காரில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

எங்கள் ஆய்வகத்துக்குப் பொறுப்பு பிரதீபா மேடம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், படிப்பிலும் பதவியிலும் பெரியவள். தனியாக இருக்கும்போது என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். முட்டைத் தைலம் என்றதும் அவளுக்குக் கண் மின்னியது. "நல்ல தலைப்புக்கா. கட்டுரையே எழுதலாம்" என்றாள். தோல் புற்றுநோய்ச் செல்கள் ஏற்கெனவே எங்களிடம் இருந்தன. புனேயிலிருந்து வரவழைத்தவை. உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் ஒரு பெட்டிக்குள், இளஞ்சிவப்புத் திரவத்தைக் குடித்துக்கொண்டு அவை பெருகும். திருநள்ளாறு பக்கம் மின்னல் வெட்டினாலே கரண்ட் போய்விடுமோ என்று அந்தப் பெட்டிக்கு ஓடுவேன். அவ்வளவு பொத்திப் பொத்தி வளர்ப்பேன்.

"எண்ணெய் அந்தத் தண்ணியில கலக்காதேக்கா. ஒரு கரைப்பான்ல கரைச்சு, அளந்துதானே போடணும்?" என்று கேட்டாள் பிரதீபா.

"கரைப்பானே ஒரு ரசாயனம். நாளைக்கு ஒருத்தர் வந்து, கொன்னது தைலமா கரைப்பானான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? ஒண்ணும் கலக்க வேணாம். தைலத்தை அப்படியே மேல ஊத்துவோம். சுத்தமா இருக்கும்."

"அப்ப ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு?"

"செல் வளக்கற தட்டுலயே பக்கத்துக் குழிகள்ல ஒண்ணுமே ஊத்தாம விடுவோம். அது உசுரோட இருக்கும். இது என்னா ஆவுதுன்னு பாப்போம்."

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். என் முகம் அப்படிப்பட்டது, என்ன செய்ய!

ஆறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. மூன்று குழிகளில் தைலத்தை ஊற்றினேன். மூன்றைச் சும்மா விட்டேன். மறுநாள் காலை மேலே நின்ற தைலத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு நீலச் சாயத்தை விட்டேன். செத்த செல் அந்த நீலத்தைக் குடிக்கும், உயிருள்ளது குடிக்காது. அவ்வளவுதான் கணக்கு. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். சும்மா விட்ட குழிகளில் செல்கள் பளிச்சென்று இருந்தன. தைலம் ஊற்றிய மூன்றிலும் பார்த்த இடமெல்லாம் நீலம்.

"அய்யய்யோ, என்னக்கா இது!" என்று குதித்தாள் பிரதீபா. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். சந்தோஷத்தில் இல்லை, கோபத்தில். அந்த அமலராணி தைலத்தில் எதையோ கலக்கிறாள் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். பாஷாணமோ, பூச்சிமருந்தோ, என்ன எழவோ! அதைத்தான் என் அண்ணன் புண்ணில் தடவிக்கொண்டிருக்கிறார். விடுவேனா நான்?

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோட்டுச்சேரி போனேன். தைலம் காய்ச்சுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் தெருவில் ஆள் இல்லாத நேரத்தில்தான் என்று விசாரித்து வைத்திருந்தேன். ஆள் இல்லாத நேரத்தில் செய்கிற காரியம் என்ன காரியமாக இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அமலராணிக்கு ஐம்பது வயது இருக்கும். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கொல்லையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். முடி கொட்டுகிறது, தைலம் வேண்டும் என்று புளுகினேன்.

என் கொண்டையைப் பார்த்தாள். "உங்களுக்கா? இதுல பாதி எனக்கு இருந்தா நான் ராணி" என்று சிரித்தாள்.

"காய்ச்சுறதைக் கொஞ்சம் பாக்கலாங்களா?"

"தாராளமா பாருங்க. நாத்தந்தான் தாங்கணும். அதுக்குத்தான் இந்த நேரம் பாத்துக் காய்ச்சுறது. நான் மொதப் பூசைக்கே போயிட்டு வந்துடுவேன். ரெண்டாம் பூசைக்குத் தெருவே மாதா கோயிலுக்குப் போயிடும். அவங்க திரும்பி வர்றதுக்குள்ள சட்டியை எறக்கிடணும். இல்லேன்னா எதுத்த வீட்டு டெல்பின் என்னை நிக்க வச்சு வாங்கிடுவா."

ஒரு சந்தேகம் புஸ்ஸென்று போயிற்று. சரி, அடுத்தது என்று பார்த்தேன். இருபது நாட்டுக்கோழி முட்டையை வேகவைத்து உரித்து, மஞ்சள் கருவை மட்டும் இரும்புச் சட்டியில் போட்டு உதிர்த்தாள். கிண்டினாள், கிண்டினாள், கிண்டிக்கொண்டே இருந்தாள். பொன்னிறம் போய்ப் பழுப்பாகி, பழுப்பு கறுத்து, புகை எழும்பி, என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கடைசியில் அந்தக் கரிக்குள்ளிருந்து எண்ணெய் கசிந்தது. கரண்டியால் அழுத்தி வடித்தாள். இருபது முட்டைக்கு அரை டம்ளர் தேறவில்லை. நான் அவள் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. அவள் திரும்பிய சமயம் கரண்டியை முகர்ந்தேன். சட்டியின் அடியைத் தடவிப் பார்த்தேன். அவளுடைய நாத்தனார் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த ஜாம் பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அதிலும் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தேன்.

"ஏங்க, நீங்க போலீஸா?" என்றாள் பின்னாலிருந்து.

"இல்லீங்க, சும்மாத்தான்."

"கேக்கறதுன்னா வாயைத் தொறந்து கேளுங்க. தீப்புண்ணு, கொப்புளம், வெடிப்பு, இதுக்குத்தான் நான்..." என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். நான் காதில் வாங்கவில்லை. என் கவனம் அவள் வடிகட்டிய துணியில் இருந்தது. அது வெறும் வெள்ளைத் துணி.

வீட்டுக்கு வந்து நானே கடையில் இருபது முட்டை வாங்கி, நானே காய்ச்சினேன். என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடற்கரைக்கே போய்விட்டார். என் கையால் காய்ச்சிய தைலத்தை என் கையால் ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் நீலம். திரும்ப ஊற்றினேன். திரும்ப நீலம். மூன்று தடவை செய்தாயிற்று. பிரதீபா சென்னையில் ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பத் தயாராகிவிட்டாள். அமலராணியைச் சந்தேகப்பட்டேன், பாட்டிலைச் சந்தேகப்பட்டேன், புனேக்காரர்களைக்கூட விடவில்லை. சந்தேகப்பட மிச்சம் யாரும் இல்லை என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி அண்ணனுக்குப் போன் போட்டேன். "சாவுதுண்ணே. மூணு தடவை பாத்துட்டேன்."

 "பாத்தியா சௌந்தரி" என்றார். குரல் உடைந்திருந்தது.

"ஆனாலும் பதினெட்டாந்தேதி ஒரு தடவை போயி டாக்டர்கிட்ட..."

"பேச்சு பேச்சா இருக்கணும். விட்டுடணும்னு சொன்னேன்ல?"

நான் மல்லுக்கு நின்றிருக்கலாம். வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கலாம், அண்ணியைத் தூண்டிவிட்டிருக்கலாம். தட்டில் சாவது வேறு, காலில் சாவது வேறு என்று எனக்குத் தெரியாதா? இருபத்து நாலு வருடம் என்ன புல்லா பிடுங்கினேன்? செய்யவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. என் அண்ணனைக் கத்தியில் படுக்க வைக்க வேண்டாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று உள்ளுக்குள் நானும் ஏங்கிக்கொண்டுதான் இருந்தேன். ஆகஸ்ட் பதினெட்டு அன்று அண்ணன் வயலில் சம்பாவுக்கு விதை தெளித்துக்கொண்டிருந்தார்.

புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் கல்லூரிக்குக் கிளம்பும் முன் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைத் திறந்தேன். எண்ணெய் வற்றி, மேலாக வெள்ளை பூத்திருந்தது. அதை வழித்துப் போட்டுவிட்டு, நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஜாடியில் ஊற்றினேன். ஊறுகாய்க்கு மேல் ஒரு விரல் உயரம் எண்ணெய் நிற்க வேண்டும். நின்றால் காற்று உள்ளே இறங்காது, பூஞ்சை பிழைக்காது. இது எந்த வீட்டில்தான் தெரியாது?

கையில் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

ஆய்வகத்திலும் இதையேதான் செய்தேன். கரைக்காமல், கலக்காமல், சுத்தமாக இருக்கட்டும் என்று செல்களின் தலைமேல் எண்ணெயை ஊற்றி மூடினேன். ஊறுகாய்க்கு ஊற்றுகிற அதே கை, அதே பழக்கம். அது மூச்சுமுட்டிச் செத்ததா, எண்ணெய் பட்டுப் பொசுங்கியதா, முட்டைத் தைலத்தால்தான் செத்ததா என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? பக்கத்துக் குழியில் வேறு ஒரு எண்ணெயை ஊற்றிப் பார்த்தேனா? அடிப்பாவி, ஒரு சொட்டு கடலை எண்ணெய்! அதைச் செய்யத் தோன்றவில்லையே எனக்கு!

சாப்பிடவில்லை. சமையல் அலமாரியிலிருந்து கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றையும் சின்ன டப்பாக்களில் ஊற்றிக்கொண்டு கல்லூரிக்கு ஓடினேன். அதே தட்டு, அதே செல், அதே அளவு. மறுநாள் சாயம் விட்டேன். கடலை எண்ணெயில் நீலம். நல்லெண்ணெயில் நீலம். தேங்காயெண்ணெயில் நீலம். அப்பளம் பொரிக்கிற எண்ணெய் புற்றுநோயைக் குணமாக்குகிறது, கைதட்டுங்கள் எல்லோரும்!

பிரதீபா அன்றைக்கே முறைப்படி செய்தாள். தைலத்தைக் கரைத்து, அளந்து, கரைப்பானைத் தனியாகவும் வைத்து. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எல்லாக் குழிகளிலும் செல்கள் ஜம்மென்று பெருகியிருந்தன. முட்டைத் தைலம் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, "நான் அன்னிக்கே கேட்டேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். நான் நேராகக் குரும்பகரம் பஸ்ஸைப் பிடித்தேன்.

அண்ணன் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். ஆள் இளைத்திருந்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு இப்படிச் சொல்லச் சொன்னா? அந்த டாக்டரா?"

"யாரும் சொல்லலைண்ணே. நானே..."

"மூணு தடவை பாத்தேன்னியே? அப்ப எந்தக் கண்ணால பாத்தே? அன்னிக்கு சாவுதுன்னே, இன்னிக்கு சாவலைங்கறே. உன்னை எப்படி நம்பறது?"

வாழ்நாள் முழுக்க நான் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி. இப்போது என் மூஞ்சிக்கே திரும்பி வந்தது. கட்டை அவிழ்க்கச் சொன்னேன். முடியாது என்றார். அண்ணிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"காட்டுங்க. இன்னும் எத்தினி நாளைக்கு மூடி மூடி வச்சுக்கப் போறீங்க? சௌந்தரி, தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கு. ஒரு வாரமா ஜுரம். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் வாயை அடைச்சுட்டாங்க" என்று அழுதாள். நானே குனிந்து துணியைப் பிரித்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் புண் விரிந்து, ஓரமெல்லாம் பூப்போலத் தடித்துக் கிடந்தது. 

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்புண்ணே. உன் காலைப் பிடிச்சுக்கறேன்."

"அமலராணியம்மா சொல்லட்டும். அவங்க மருந்து, அவங்க வாயால கேக்காதுன்னு சொல்லட்டும். வர்றேன்."

அண்ணியின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கோட்டுச்சேரிக்குப் பறந்தேன். யாரைத் திருடி என்று நினைத்து உளவு பார்த்தேனோ அவள் வாசலில் போய் நின்று, நான் யார், எதற்கு வந்தேன், அண்ணனுக்கு என்ன என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அமலராணி இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

"புத்தா? அட மாதாவே! தீப்புண்ணுன்னுல்ல சொல்லி வாங்கிட்டுப் போறாரு உங்க அண்ணன்! அண்டாத் தண்ணி கொட்டிடுச்சுன்னாரு."

"அது நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்திங்க."

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆறாத புண்ணுன்னா நான் தைலமே குடுக்கறதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன்னு தொரத்திவிட்டுடுவேன். தெருவுல யாரை வேணாலும் கேளுங்க. அன்னிக்கு என் கொல்லையில நின்னு கரண்டியை மோந்து பாத்தீங்களே, ஒரு வார்த்தை கேட்டீங்களா? புத்துக்குக் குடுக்கறியான்னு ஒரே ஒரு வார்த்தை?"

கேட்கவில்லை. கேட்டால் நான் யாரென்று தெரிந்துவிடும் என்று பயந்தேன். ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட நான், பொய் சொன்ன ஒரே ஆளை விட்டுவிட்டேன், ஏனென்றால் அவர் என் அண்ணன். அவர் சொன்ன பொய்யும் பயத்தில் சொன்ன பொய். அவரைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அமலராணி அதற்கு மேல் என்னோடு சண்டை போடவில்லை. நைட்டியோடு, துண்டைச் சரியாகப் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "ஓட்டுங்க" என்றாள். வரிச்சிக்குடியைத் தாண்டும்வரை முணுமுணுவென்று செபம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அண்ணன் அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "ஒக்காருங்க" என்று அதட்டினாள். புண்ணை ஒரு தரம் பார்த்தாள். ஜன்னலில் இருந்த தைல பாட்டிலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "இது இதுக்கு இல்லீங்க. என்கிட்டப் பொய் சொல்லி வாங்கிட்டுப் போயி, என் கையைப் பாவக் கையா ஆக்கிட்டீங்களே" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் தலையைத் தொங்கப்போட்டார். "பயமா இருந்துச்சும்மா" என்றார். அன்றைக்கே கார் வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

புதுச்சேரியில் படம் எடுத்தார்கள், நெறிக்கட்டில் ஊசி குத்திப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். ஜூனில் பார்த்த அதே டாக்டர். நெறிக்கட்டில் புற்று இல்லை, ஆனால் புண் எலும்பைத் தொட்டுவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார். அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டே, "ஆகஸ்ட்ல தேதி குடுத்தோமே, ஏன் வரலை?" என்று கேட்டார்.

"சம்பா வெதைப்பு சார். ஆள் கெடைக்கலை, நானே நிக்கறாப்ல ஆயிடுச்சு" என்றார் அண்ணன், என் பக்கம் திரும்பாமல்.

டாக்டர் நம்பவில்லை. காலில் இன்னும் அந்தக் கருகல் வாடை இருந்தது. "நாட்டு மருந்து போட்டீங்களா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல், நாட்டு வைத்தியத்தால் தாமதம் என்று எழுதினார். தலைகீழாக இருந்தாலும் எனக்கு அந்த எழுத்து தெரிந்தது.

"அதை அடிச்சுடுங்க சார்" என்றேன்.

"எதைம்மா?"

"நாட்டு வைத்தியம்னு எழுதினதை. தைலம் குடுத்தவங்க மேல தப்பில்லை. அவங்களுக்கு இது புத்துன்னே தெரியாது. காலேஜ் லேப்ல நான்தான் சோதிச்சேன். தப்பா சோதிச்சுட்டு, புத்து செல் சாவுதுன்னு நான்தான் சொன்னேன். அதைக் கேட்டுட்டுத்தான் இவங்க வரலை. அப்படி எழுதுங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா. இதுல அதுக்கு இடம் கெடையாது."

"ஓரத்துல எழுதுங்க சார்."

"சௌந்தரி, விடு" என்றார் அண்ணன்.

"விட மாட்டேன். எழுதச் சொல்லு."

டாக்டர் எழுதவில்லை. அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, தாமதம் என்று ஒற்றைச் சொல்லை எழுதி மூடினார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரிடம் காட்ட?

மறுநாள் காலை பச்சை உடுப்பை மாட்டிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அண்ணி முன்னால் போய்விட்டாள். தாழ்வாரத்தில் நாற்காலியை நான் தள்ளிக்கொண்டு போனேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது அண்ணன் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதத்தில் விரலிடுக்கில் இன்னும் வயல் சேற்றின் கறை இருந்தது.

"சௌந்தரி."

"சொல்லுண்ணே."

"ஆகஸ்ட்ல வந்திருந்தா கால் இருந்திருக்கும்ல?"

இல்லை, அப்போதே முற்றியிருந்தது என்று ஒரு பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அதுதான் என்னைக் கொன்றது.

"இருந்திருக்கும்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே போனதும் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, நாற்காலியைப் பிடித்திருந்த என் கைமேல் வைத்தார்.

"சரி. மயக்கம் குடுக்கற வரைக்கும் கூட இரு. எனக்குப் பயமா இருக்கு."

விட மாட்டோம் என்றார்கள். கெஞ்சினேன், சத்தம் போட்டேன், கடைசியில் எனக்கும் ஒரு பச்சை உடுப்பைக் கொடுத்தார்கள். அவர் கண் மூடும்வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.